ஒரே கணினி, வேறு வேறு வேகம்

மாத்தளை மாவட்டத்து யட்டவத்த போன்ற ஊர்களில், மேசைக் கணினியுள்ள இல்லங்களிலே பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் தமக்கையின் திருமணப் படங்களும் அதனுள்ளேதான் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிற் பிரதி செய்ய முயலும்போது ஒரு விந்தையைக் காண்கிறோம். முன்பக்க யூ.எஸ்.பி. போர்ட்டிற் செருகினால் முக்கால் மணி நேரம். பின்பக்கத்திலோ கால் மணி நேரம். 'டிஸ்க் பழுது' என்று முடிவுகட்டி, மாத்தளைக்குப் பஸ் ஏறிப் புதியது வாங்கி வருவோரும் உளர். வீண் செலவு!

யூ.எஸ்.பி. 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் ஒருவர், பரோடாவிற் கல்வி கற்ற அஜய் பட். அன்றைய உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். 2000இல் வந்த 2.0 அதனை 480 ஆக்கிற்று. 2008இல் வந்த 3.0 அதனை 5,000 ஆக உயர்த்திற்று. போர்ட்டின் வெளி வடிவம் மட்டும் மாறவில்லை. பழைய கருவி புதிய போர்ட்டிலும் பொருந்தவேண்டும் என்ற நல்லெண்ணமே நம்மைக் குழப்பிவிடுகிறது.

டார்ச் விளக்கு அடித்து உள்ளே பாருங்கள். 2.0இல் உலோகத் தொடுமுனைகள் நான்கு, 3.0இல் ஒன்பது. 3.0இன் நாக்கு பெரும்பாலும் நீலநிறம். ஆனால், நிறத்தை மட்டும் நம்பிவிடலாகாது. பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத்தவை ஒரு வயரின் வழியே அதனோடு இணைபவை. அந்த வயர் பழைய 2.0 வகையாயின், பின்பக்கத்து வேகம் முன்னே எங்ஙனம் வரும்?

ஆகவே முதலிற் பின்பக்கத்து நீலப் போர்ட்டிற் செருகிப் பாருங்கள். அங்கும் மந்தமெனில், டிஸ்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துகிறீர்களா என்று நோக்குங்கள். இடையில் ஹப் இருப்பின் அகற்றுங்கள். ஒரே பாதையைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. மெல்ல மெல்லச் செருகினால், 3.0 கருவி தன்னை 2.0 என்றே அறிவித்துக்கொள்வதும் உண்டு. கழற்றி, ஒரே மூச்சிற் செருகுங்கள்.

5,000 என்ற எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டா. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். 2.0இல் நடைமுறையிற் கிடைப்பது விநாடிக்கு 35 மெகாபைட் அளவே. 100 ஜிகாபைட் நகர 48 நிமிடம் செல்லும். சுழலும் தட்டுள்ள டிஸ்க் 100 மெகாபைட் எழுதுமாயின், 3.0இல் 17 நிமிடம் போதும். அதற்கு மேல் டிஸ்கே ஓடாது. சிறு படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் தாமதமாகும்.

கீபோர்டுக்கும் மவுஸுக்கும் 2.0 போர்ட் தாராளம். அவை நீலப் போர்ட்டில் அமர்ந்திருந்தால் இடம் மாற்றிவிடுங்கள்.