கணக்குக்குத் தமிழ், வீட்டுக்கு மலாய்

ஈஸ்ட் டாமாக்கியில் இப்போது இரவு ஒன்பது மணி. டொரொண்டோ நண்பர்களுக்கு இன்னும் விடிந்திருக்காது. இருந்தும் வந்திருக்கிறீர்கள், நன்றி. இன்று ஓர் ஆற்றங்கரை நகரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்: மலாக்கா.

ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு, 'ஹிகாயத் அப்துல்லா'. 1849இல் அச்சான மலாய் நூல். அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே பெண் எடுத்தவர். அடுத்த தலைமுறை மலாக்கா போனது. சிறுவன் அப்துல்லாவைத் தந்தை தமிழ் படிக்க அனுப்புகிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்த ஊரில் முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாம். கணக்குப் பார்க்கவும், வணிகர்களோடு பேசவும் அது வேண்டியிருந்தது.

இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். இங்கே நாங்கள் பிள்ளைகளைக் கெஞ்சித்தான் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறோம். அங்கே, தமிழர் அல்லாதவர்களும் மதித்துப் படிக்கிற மொழியாகத் தமிழ் இருந்திருக்கிறது.

அது எப்படி நடந்தது? மலாக்கா, ஆறு கடலில் சேரும் இடத்தில் அமைந்த ஊர். மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த கப்பல்கள் காற்று மாறும்வரை அங்கே காத்திருந்தன. காத்திருந்தவர்கள் வீடு கட்டினார்கள், மணம் செய்துகொண்டார்கள். 1512 முதல் 1515 வரை அங்கிருந்த போர்த்துக்கீசியர் தொமே பிரெஸ், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதுகிறார். வெவ்வேறு நாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள்.

பல இனத்தவர் வாழ்ந்த ஊர் என்றதும் நல்லிணக்கம் என்று சொல்லிவிடுகிறோம். அவ்வளவு எளிதல்ல. 1511இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். அங்கே 'கிலிங்' என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய வணிகர்களில் பெரியவரான நினா சாத்து போர்த்துக்கீசியர் பக்கம் நின்றார். அதற்குப் பரிசாக பெண்டகாரா பதவி கிடைத்தது. 1514இல் அந்தப் பதவியை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க முடிவானது. அவர் சிதை மூட்டித் தானே தீயில் இறங்கினார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆள்பவருக்கு வேண்டியவராக இருப்பது எத்தனை நாளைக்கு என்ற கேள்வி, குடியேறிய எல்லோருக்கும் உரியதுதான்.

1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1824இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வணிகமோ மெல்ல பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நகர்ந்துவிட்டது. கப்பல் வராத துறைமுகத்தில் யாருக்குத் தமிழ்க் கணக்கு வேண்டும்?

ஆனால் மனிதர்கள் எல்லோரும் போய்விடவில்லை. உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய இந்து வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். இன்றும் காஜா பெராங் பகுதியில் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்தியது சாரோங், கெபாயா. ஆனால் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலை விடவில்லை. பொங்கலையொட்டி முன்னோருக்குப் படையல் போடுவதையும் விடவில்லை. அந்தக் கோயில் இருக்கும் அதே தெருவில் கம்போங் கிலிங் பள்ளிவாசலும், அதன் தொடர்ச்சியில் செங் ஹூன் தெங் என்ற சீனக் கோயிலும் இருக்கின்றன.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். மொழியைப் பெருமை காப்பாற்றவில்லை. அதற்கு வேலை இருந்தவரை அது இருந்தது. படையலுக்கு வீட்டில் வேலை இருந்தது, அதனால் அது இன்னும் இருக்கிறது.

என் பேத்திக்கு நான் பேசும் தமிழ் புரிகிறது. பதில் ஆங்கிலத்தில் வருகிறது. "தமிழ் நம் அடையாளம்" என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். பயனில்லை. இப்போது மளிகைச் சீட்டை அவளைத் தமிழில் எழுதச் சொல்கிறேன். கொத்தமல்லிக்கு ஒற்றெழுத்தை விட்டுவிடுகிறாள், ஆனால் எழுதுகிறாள். உங்கள் வீட்டில் தமிழுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? அதைக் கேட்கத்தான் வந்தேன். இனி நீங்கள் பேசுங்கள்.