ஃபிளாட்டும் மாமாவின் கைக்கடிகாரமும்

திருப்பதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் முதல் மாடி ஃபிளாட் பேசி முடித்திருக்கிறாராம். "ஈ.சி. எடுத்துப் பார்த்துவிட்டேன், வில்லங்கம் ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்தானே?"

கடிதத்தோடு சித்தூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். இருபத்தைந்து வருஷமாகப் பத்திரம் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. தெலுங்கும் தமிழும் சரளமாகப் படிப்பார். 1953 வரை சென்னையோடு இருந்த மாவட்டம் இது. தாத்தா காலத்துப் பத்திரம் எந்த மொழியில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஈ.சி.யில இல்லைன்னா, ரெஜிஸ்டர் ஆனதுல இல்லைன்னு அர்த்தம் சார். அவ்வளவுதான்."

பதிவு செய்யாத உயில், கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, இதெல்லாம் ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சான்று கேட்கும் மனுவில் சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று மாறிப்போனால், பக்கத்து நிலத்துக்கு வில்லங்கம் இல்லை என்று அழகாக அச்சாகி வரும். ஆந்திராவில் கணினியில் கிடைப்பது 1983 முதல்தான். அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்துப் பழைய புத்தகங்களில்தான் தேட வேண்டும். வழக்கமாக முப்பது வருஷத்து வில்லங்கம் பார்ப்பது ஏன் என்று கேட்டேன். அடமானம் வைத்தவர் அதை மீட்க வழக்குப் போட 30 வருஷ அவகாசம் உண்டு. அரசு வழக்குப் போடவும் அதே 30 வருஷம். அந்தக் கணக்கில் வந்த பழக்கம் என்றார்.

பிறகு மண்ணுக்கு வந்தார். லிங்க் டாக்குமென்ட் என்று இங்கே சொல்லும் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், சில நேரம் டி.கே.டி. பட்டாவில் போய் முட்டும். அது நிலமில்லாதவருக்கு அரசு ஒப்படைத்த நிலம். 1977-ஆம் வருஷச் சட்டம் அதன் கைமாற்றத்துக்குத் தடை போட்டது. அதன்மேல் எழும்பிய கட்டடத்துக்கு என்ன பளிங்குத் தரை போட்டு என்ன? பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் ஆந்திர அரசு வைத்திருக்கும் தடைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் எல்லாம் அதில் அடக்கம். பெருமாள் ஊரில் பெருமாளுக்கும் மடங்களுக்கும் நிலம் இருப்பதில் ஆச்சரியம் என்ன! 'சுக்கல பூமுலு' என்று ஒரு வகையும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் புள்ளிகள் வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிகளை நேர்செய்வதற்கென்றே 2017-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அடுத்து, மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் சேரும் பிரிபடாத பாகம். அதைச் சரிபார்ப்பது கூட்டல் கணக்கு. ஆனால் இந்தப் பக்கம் மனையை அங்கணத்தில் அளக்கிறார்கள். திருப்பதியில் அங்கணம் என்றால் 36 சதுர அடி. நெல்லூரில் அதே வார்த்தைக்கு 72. (திருக்குறளில் அங்கணம் அழுக்கு முற்றம். அந்த அர்த்தத்தை வீட்டுத் தரகரிடம் சொல்லிவிடாதீர்கள்.) 150 அங்கண மனையில் பத்து ஃபிளாட், ஆளுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் நம் பத்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த மனையில் பதிவான எல்லா ஃபிளாட்டின் பாகத்தையும் கூட்டுகிறார். கூட்டுத்தொகை 165 வந்தால், அனுமதி வரைபடத்தில் இல்லாத பென்ட் ஹவுஸ் ஒன்று மொட்டை மாடியில் முளைத்து விலைபோயிருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவார்.

என்னை அதிகம் கவர்ந்தது இனிமேல் வருவது. மேசையில் ஒரு வரைபடத்தை விரித்து, முதல் மாடியின் வடகிழக்கு மூலையில் விரலை வைத்தார். அந்த ஒரு ஃபிளாட்டின்மேல் மட்டும் சாய்கோடுகள். "இது முனிசிபாலிட்டி கையில அடகு."

சின்ன வயதில் எங்கள் தெருவில் வாடகைப் பாத்திரக் கடை ஒன்று இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு அண்டா எடுக்கப் போன மாமாவிடம் கடைக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். அண்டா அடிபடாமல், கரி போகத் தேய்த்துத் திரும்பி வந்த பிறகுதான் கடிகாரம் மாமா கைக்கு ஏறியது. ஆந்திரத்தின் 2017 கட்டட விதிகளும் இதையே செய்கின்றன. சிறிய தனி வீடுகளை விட்டுவிடுவோம். அடுக்ககம் கட்டுபவர் மொத்தக் கட்டடப் பரப்பில் 10 சதவீதத்தை, தரைத்தளத்திலோ முதல் அல்லது இரண்டாம் மாடியிலோ, அனுமதி தரும் அமைப்பின் பேரில் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் உள்ளபடி கட்டி, ஆக்குபென்சி சர்ட்டிஃபிகேட் (ஓ.சி.) வாங்கினால் அந்தப் பகுதி விடுபடும். பக்கவாட்டு இடைவெளியை விழுங்கினால், ஒரு மாடி கூட்டினால், கடிகாரம் ஆணியிலேயே தொங்கும்.

அந்த ஒப்படைப்பு நோட்டரி முன் எழுதிய உறுதிமொழியாக இருந்தால் ஈ.சி.யில் அது வராது. பதிவுத்துறையின் தடைப் பட்டியலில்தான் ஏறியிருக்கும். முன்பணம் கொடுத்து, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போனவர் அங்கேதான் அதைத் தெரிந்துகொள்வார். விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. அதனால் வக்கீல் முதலில் தேடுவது அந்தக் கட்டடத்துக்கு அனுமதி தந்த தேதியை. அன்றைக்கு எந்த விதி நடப்பில் இருந்ததோ அதுவே கணக்கு.

டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அனுமதி வரைபடத்தின் நகல் கேளுங்கள் என்றால், "பில்டர் ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்கிறோம். பத்து வருஷமாகக் குடியிருப்பவர்களிடமே ஓ.சி. இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். சங்கத் தலைவர் செயலாளரைக் கைகாட்டுவார், செயலாளர் பழைய செயலாளரை. இன்னும் சிலர் பத்திரமாக இருக்கட்டும் என்று பத்திரத்தை லேமினேட் செய்துவிடுகிறார்கள். முத்திரைத்தாளின் நீர்க்குறியையும் முத்திரை அழுத்தத்தையும் தொட்டும் தூக்கிப் பிடித்தும் பார்க்கிறவருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மைசூர்பாகு மாதிரிதான் அது.

திருப்பதி வாசகருக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. பழைய பத்திரத்தில் 'சித்தூர் மாவட்டம்' என்று இருக்கிறதே, தவறோ என்று கேட்டிருந்தார். தவறில்லை. திருப்பதி தனி மாவட்டமானதே 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி.

பதில் கடிதத்தில் இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: உங்கள் முதல் மாடி ஃபிளாட் எந்த மூலையில் இருக்கிறது?