உங்களுக்குத் தெரியுமா? கூடாரம் அடிக்கும் முன் மேலே பாருங்கள்

2022 டிசம்பர் 16, அதிகாலை. மலேசியாவின் பத்தாங் காலி – கெந்திங் சாலையோர முகாமில் பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. மேலிருந்த சரிவு உடைந்து, ஏறத்தாழ நாலரை லட்சம் கன மீட்டர் மண் கீழே இறங்கியது. சிக்கிய 92 பேரில் 31 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. தேடும் பணி 24ஆம் தேதி வரை நடந்தது. தொடர்மழைதான் முக்கியக் காரணம் என்றது அரசின் ஆய்வறிக்கை.

வட துருவப் பகுதியிலும் இதே ஆபத்து பனி உருவில் காத்திருக்கிறது. நார்வேயின் லாங்யர்பியன் ஊரில் 2015 டிசம்பர் 19 அன்று, பனிப்புயலுக்குப் பின் மலைப்பனி சரிந்து 11 வீடுகளைத் தாக்கியது; இருவர் இறந்தனர். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனி அதிகம் சரிகிறது. அதனால் பனிமலைப் பயணிகள் பலர் சரிவை அளக்கும் சிறு கருவியைக் கையோடு வைத்திருப்பார்கள். விலையுயர்ந்த குளிராடையைவிட இந்தப் பழக்கம் முக்கியம் என்பேன்.

நம் மலைக்காட்டில் கவனிக்க வேண்டியவை: தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர், மேலிருந்து உறுமல் சத்தம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு, மண் பாயும் வழியிலிருந்து பக்கவாட்டில் விலகி மேட்டுக்கு ஓடுங்கள். பிறகு 999ஐ அழையுங்கள். மலையில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். அதனால் எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள்.