ஓட்டப் பயிற்சியும் முழங்கால் நோவும்

நோவு தோன்றும் இடமும் அதன் காரணம் உறையும் இடமும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. நெடுந்தூரம் ஓடுவோர்க்கு முழங்காற் சில்லைச் சுற்றி உண்டாகும் நோவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். படியிறங்கும்போதும், நெடுநேரம் காலை மடக்கியிருந்து எழும்போதும் இது மிகும்.

முழங்காற் சில்லு தொடையென்பின் கீழ்முனையிலுள்ள பள்ளத்தில் ஏறியிறங்குவது. தொடையின் நாற்றலைத் தசை அதனை மேலே இழுக்கின்றது. அத்தசை இழுக்கும் திசையும், சில்லைக் கணைக்காலென்போடு பிணிக்கும் நாணின் திசையும் சந்திக்குமிடத்தில் சிறு கோணமொன்று உண்டாகின்றது. சுவீடன் நாட்டு வைத்திய அறிஞர் பிரட்ஸ்ட்ரோம் 1964ஆம் ஆண்டில் இக்கோணத்தை விளக்கினார். கோணம் பெரிதாயின் சில்லு புறத்தே இழுபடுமாதலின், உடலமைப்பின் கோணலே நோவுக்கு முதற் காரணம் எனப் பின்வந்தோர் பலர் கொண்டனர்.

ஆயின் பெரிய கோணமுடையார் பலர் நோவின்றி ஓடுகின்றனர். சிறிய கோணமுடையாரும் நோவுறுகின்றனர். எனவே, நிற்கும்போது அளக்கும் அமைப்பை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. ஓடும்போது உடல் இயங்கும் முறையையும் நோக்குதல் வேண்டும். உடற்பாரம் ஒற்றைக்காலில் தங்கும் கணத்தில் இடுப்பின் புறத்தசைகள் தளருமாயின், மறுபக்க இடுப்புத் தாழும். தொடை உட்புறம் திரும்பும். சில்லின் அடியிலுள்ள பள்ளம் விலகும். பாதம் மிகையாக உட்சாய்தலும் கணைக்காலை உட்புறம் திருப்பும். இந்நிலையில் ஓடும் தூரத்தைத் திடீரெனக் கூட்டின், மூட்டு தாங்காது நோவுறும்.

அமெரிக்க இயன்மருத்துவச் சங்கத்தைச் சார்ந்த அறிஞர் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பையும் முழங்காலையும் வலுப்படுத்தும் பயிற்சியையே சிகிச்சையின் அடிப்படையாகக் கூறுகின்றது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துதல், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல், படியிலிருந்து மெல்ல இறங்குதல் என்பன அத்தகையன. பாதம் மிக உட்சாய்வோர்க்குச் சப்பாத்தினுள் இடும் தாங்கி ஏறத்தாழ 6 கிழமைவரை உதவும். சில்லின்மேல் இடும் ஒட்டுப்பட்டி 4 கிழமைவரை துணையாகும். இவை பயிற்சிக்குத் துணையேயன்றி மாற்றாகா.

ஓட்டத்தை முற்றாக நிறுத்தவேண்டியதில்லை. நோவு மிகாத அளவுக்குத் தூரத்தைக் குறைத்தல் போதும். அதே வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டின், அடியின் நீளம் குறைந்து முழங்காலின் பாரமும் குறையும். வீக்கமோ, மூட்டுப் பூட்டிக்கொள்ளுதலோ காணப்படின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

கால் கோணலாயிருக்கின்றதென்று கூறி இளம் வீரரை மைதானத்தினின்று விலக்குதல் முறையன்று. பிறப்பிலமைந்த என்பின் வடிவை மாற்றுதல் அரிது. தசையின் வலுவும் பயிற்சியின் அளவும் மாற்றத்தக்கன. விளையாட்டாசிரியர் கருத்தூன்ற வேண்டியதும் இவற்றிலேயாம்.