மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள்

வானொலிக்கு இன்று வழங்கும் 'ஆகாசவாணி' என்னும் பெயர் மைசூரில் பிறந்தது. 1935-ஆம் ஆண்டில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே நிறுவிய நிலையத்துக்கு அப்பெயர் அமைந்தது. அந்நாளைய நிலையங்கள் சில மணி நேரமே ஒலித்துப் பின் ஓய்வு கொள்ளும். இக்காலத் தொலைக்காட்சிக்கோ ஓய்வு என்பதே இல்லை. வாரத்துக்கு 168 மணி நேரத்தையும் எதையேனும் கொண்டு நிரப்பியாக வேண்டும்.

மாலை 6 மணி தொடங்கி இரவு 10.30 வரை ஓர் அலைவரிசை புதிய தொடர்களையே காட்டுகிறது எனக் கொள்வோம். அவை நான்கரை மணி நேரத்துக்குத்தான் போதும். எஞ்சிய பத்தொன்பதரை மணி நேரத்துக்கு என் செய்வது? இரவில் வந்த தொடரே மறுநாட் காலையில் மீண்டும் வரும். நண்பகலில் பழைய தொடர் தலைகாட்டும். இடையே திரைப்படம் வரும். அதே நிறுவனத்தின் வேறோர் அலைவரிசை பத்தாண்டுக்கு முந்தைய நகைச்சுவைக் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். படப்பிடிப்புச் செலவு முதல் ஒளிபரப்போடு தீர்ந்தது. விளம்பர வருவாயோ ஒவ்வொரு முறையும் கிட்டும். ஒரு மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாதென்பது விதி. பழைய தொடருக்கு விளம்பரக் கட்டணம் குறைவே. செலவும் ஏறத்தாழ இல்லையாதலின், அக்குறைந்த தொகையும் வருவாயே.

இவ்வணிகத்துக்கு வழி காட்டியது அமெரிக்கா. 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடரைப் பலரும் செய்தது போல நேரடியாக ஒளிபரப்பாமல் திரைப்படச் சுருளில் பதிவு செய்தனர். அதனால் தெளிவான பிரதி எஞ்சியது. உரிமையும் தயாரித்தவர்களிடமே நின்றது. பின்னர் ஊருக்கு ஊர் உள்ள நிலையங்களுக்குப் பழைய தொடர்களை விற்பதே தனித் தொழிலாயிற்று.

நம் மைசூருக்கும் இதில் பங்குண்டு. யாதவகிரியில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்கத்தில் 'மால்குடி டேஸ்' என்னும் பெயரில் தூர்தர்ஷன் 1980-களில் ஒளிபரப்பியது. இசை எல். வைத்தியநாதன். படப்பிடிப்பு பெரும்பாலும் ஆகும்பேயில். கதைகளிற் பல ஒரே அமர்வில் முடிபவை. எந்த நாளில் பார்க்கத் தொடங்கினாலும் விளங்கும். இத்தொடர் பன்முறை மறு ஒளிபரப்புக் கண்டதற்கு இஃதொரு காரணம் என்பது என் கருத்து. நம் தமிழ் நெடுந்தொடர்களுக்கு அவ்வசதி இல்லை. ஐந்நூறாம் பகுதியில் நுழைபவருக்கு யார் யாருக்கு மாமியார் என்பதே விளங்காது! ஆயினும் 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' மீண்டும் வந்தபோதும் இல்லங்கள் அதனை வரவேற்றன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் படப்பிடிப்புகள் நின்றபோது பழைய சேமிப்பே கை கொடுத்தது. 1987-88-இல் வந்த இராமானந்த சாகரின் 'இராமாயண'த்தை மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பியது. கன்னட அலைவரிசைகளின் நிலை வேறு. பிறமொழித் தொடர்களைக் குரல்மாற்றிக் காட்டுவதற்கு அங்கு நெடுங்காலம் எதிர்ப்பு இருந்தது. அவ்வெதிர்ப்பை நடத்திய அமைப்புகளுக்கு எதிராக 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. எனினும், குரல்மாற்றிய மகாபாரதத் தொடர் கன்னடத்தில் வந்தது 2020-இல்தான்.

மறு ஒளிபரப்பின் வருவாய் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், படம் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது உரிமைத்தொகையிற் பங்கு பெறுவர் என்றும், அவ்வுரிமையை எழுதிக் கொடுத்துவிட இயலாதென்றும் 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் கூறுகிறது. நடிகர் முதலிய கலைஞர்க்கும் அச்சட்டத்தில் இடம் உண்டு. சட்டத்தில் உள்ளது கைக்கு வந்து சேர்வது வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் பணச் செலவும் அடங்கியிருக்கிறது. கட்டணத் தமிழ் அலைவரிசைகளை நாமே தேர்ந்து, பணம் செலுத்திப் பெறுகிறோம். ஒரு நிறுவனத்தின் பல அலைவரிசைகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கும்போது, அவற்றுட் சில பழைய சரக்கையே காட்டுபவை. 2019-இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி ஒவ்வோர் அலைவரிசையையும் தனித்தனியே கேட்டுப் பெறலாம். ஒரு வாரம் நிகழ்ச்சி நிரலைக் குறித்து வைத்து, புதியது எத்தனை மணி, பழையது எத்தனை மணி என்று கணக்கிட்டபின் கேபிள்காரரிடம் பேசுவது நலம். குழந்தைகள் தமிழ் கேட்கட்டும் என்பதற்காகவே வாங்குவோர்க்குப் பழைய தொடரும் குறையன்று. அவர்கள் கணக்கு வேறாக அமையும்.