கேமரா இருக்கு... நம்பர் தெரியலையே! சிசிடிவி ஜூம் லென்ஸில் நாம் கோட்டை விடும் இடங்கள்

இருங்காட்டுக்கோட்டை என்றதும் நினைவுக்கு வருவது கார் பந்தயத் தளமும் கார் தொழிற்சாலையும்தான். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை போனால் கேமரா இல்லாத கம்பெனி கேட்டைப் பார்ப்பது அரிது. கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் பஸ், பைக், சைக்கிள் எல்லாம் கலந்து ஓடும் சாலை. ஒரு விபத்து நடந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'சிசிடிவி-யில பதிவாகியிருக்கா?' என்பதுதான்.

பதிவாகியிருக்கும். லாரி இடித்ததும் தெரியும். நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினால் மட்டும் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

இதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். வண்டி எதுவென்று தெரிந்தால், இறந்தவரின் வயது, வருமானத்தைக் கணக்கிட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம்.

எந்த ஜூம் நிஜ ஜூம்?

பதிவான படத்தை விரலால் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். இருக்கிற புள்ளிகளைத்தான் அது பெரிதாக்கும். இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து காட்சியை நெருக்கமாக்குவது ஆப்டிகல் ஜூம். அதைச் சம்பவத்துக்கு முன்பே சரியாக வைத்திருக்க வேண்டும்.

அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்றது 2014-ல் வந்த சர்வதேசத் தரநிலை. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். அப்படியானால் சுமார் 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டக்கூடாது. வழக்கமான 2.8 மி.மீ லென்ஸில் இந்தத் தெளிவு சுமார் 4 மீட்டர் தூரம்தான். அதையே 12 மி.மீ-க்கு ஜூம் செய்தால் 16 மீட்டர் வரை கிடைக்கும்.

ஓடும் வண்டிக்கு ஜூம் மட்டும் போதாது. 60 கி.மீ வேகத்தில் போகும் லாரி, நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரத்தில் 67 செ.மீ நகர்ந்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/1000-க்கு மாற்றினால் நகர்வு 2 செ.மீ-க்குள் அடங்கும். ஆனால் படம் இருட்டாகும் என்பதால் கேட்டில் நல்ல வெளிச்சம் அவசியம்.

வயரிங்கில் வரும் வம்பு

லென்ஸுக்குள் ஜூமுக்கு ஒன்று, ஃபோகஸுக்கு ஒன்று எனக் குட்டி மோட்டார்கள் இருக்கும். பழைய வகைக் கேமராவில் படத்துக்கு கோஆக்ஸியல் கேபிள், கரன்டுக்குத் தனி வயர், ஜூம் கட்டளைக்கு முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள். ஆர்.எஸ்-485 எனப்படும் இந்த ஜோடி 1,200 மீட்டர் வரை போகும்.

படம் நன்றாக வருகிறது, ஜூம் மட்டும் அசையவில்லையா? முதலில் ஏ, பி வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து கேமரா எண், வேகம், பெல்கோ-டி போன்ற கட்டளை மொழி ஆகியவை டி.வி.ஆரிலும் கேமராவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பல கேமராக்கள் என்றால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக வயர் போகட்டும்; நடுவிலிருந்து கிளை கிளையாகப் பிரிக்க வேண்டாம்.

ஐ.பி கேமராவில் கரன்ட், படம், கட்டளை மூன்றுக்கும் ஒரே நெட்வொர்க் கேபிள் போதும். எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் என்றால் நடுவில் ஸ்விட்ச் அல்லது ஃபைபர் தேவை.

பகலில் ஒழுங்காக இருந்து, ராத்திரியில் ஜூம் செய்தவுடன் அணைந்து எரிகிறதா? நீளமான மெல்லிய வயரில் 12 வோல்ட் குறைந்துபோயிருக்கலாம். இரவு விளக்கு எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூம் செய்தால் சுற்றியிருப்பது படத்திலிருந்து போய்விடும். அதனால் கேட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு கேமரா நல்லது. முழு இடத்தையும் காட்ட ஒன்று, வண்டி நுழையும் பாதையில் ஜூம் செய்து நிறுத்திய இன்னொன்று.

பொத்தான் யார் கையில்?

இதே பகுதியில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்துபோகும் ஊரில், தூரத்து ஜன்னலையும் எட்டிப் பார்க்கக்கூடிய லென்ஸ் எல்லோர் கையிலும் இருக்கக்கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை.

பல கேமராக்களில் குறிப்பிட்ட பகுதியை மறைக்கும் வசதி இருக்கிறது. ஜன்னல், ஓய்வறை வாசல் பக்கம் அதைப் போடச் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். கேமரா மாட்ட வந்தவர் கிளம்பும் முன், ராத்திரி 8 மணிக்கு ஒரு பைக்கை கேட் வழியாக ஓட்டச் சொல்லி, அந்தப் பதிவில் நம்பர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்!