துறைமுகத்துக்கு ஒரு நாள்

கிழக்குக் கரையோரம் – 9

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வருகிறவர்களில் பலர் கோணேசரைக் கும்பிட்டு, மான்களோடு படமெடுத்து, நேரே நிலாவெளிக்குப் போய்விடுகிறார்கள். நிலாவெளியும் புறாமலையும் பார்க்கவேண்டியவைதான். ஆனால் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் மாறிமாறி மோதிக்கொண்டது இந்தத் துறைமுகத்துக்காக. 1782-இல் மட்டும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் இதைப் பறித்தார்கள். ஒரு முழு நாளை நகருக்குக் கொடுங்கள்.

கோணேசர் கோயிலுக்குக் காலைப் பூசைக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மலையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. போகும் வழியில் பிரெட்றிக் கோட்டை வாசலில் சற்று நில்லுங்கள். வாசற் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது, பாண்டியரின் சின்னம். கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் மன்னன் இந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு இது. போர்த்துக்கீசர் 1622-இல் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். படம் எடுப்பதற்கு முன் அந்த எழுத்துகளை ஒருமுறை கண்ணால் தடவிப் பாருங்கள்.

சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் இது. கோயில் இல்லாமற்போன காலத்திலும் பூசை நிற்கவில்லை. பாறை விளிம்பில் நின்று தேங்காயும் பூவும் கடலில் இட்டு வணங்கியிருக்கிறார்கள். 1950-இல் கிணறு வெட்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடி, கோயிலின் இடிபாடுகளையும் ஒரு லிங்கத்தையும் கண்டார்கள். 1963-இல் கும்பாபிஷேகம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு சந்நிதியில் நின்றால் கும்பிடுகிற கைக்குக் கனம் கூடும்.

அருகிலேயே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. கீழே ஏறக்குறைய 350 அடி ஆழத்தில் கடல். பிள்ளை வரம் வேண்டுவோர் கட்டிய சிறு தொட்டில்கள் காற்றில் ஆடும். மார்ச், ஏப்ரலில் போனால் கடலைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கரைக்கு வெகு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் நீலத் திமிங்கிலம் இங்கே நெருங்கி வரும். இறங்கும்போது மான்களுக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

அடுத்து டொக்யார்ட் வீதி. பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டபின், பழைய ஆங்கிலேயர் கல்லறைக்கும் போய் வாருங்கள். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ல்ஸ் அங்கே அடக்கமாகியிருக்கிறார். கடற்படைத் தளபதியாக 1852-இல் பர்மாவில் இறந்தவர்.

மதிய வெயிலுக்கு உள்துறைமுக வீதி அருங்காட்சியகம் நல்ல நிழல். ஒல்லாந்துக் கடற்படை ஆணையாளரின் பழைய மாளிகை அது. வெளியே வந்ததும் துறைமுகம் கண்முன் விரியும். சுற்றிலும் குன்றுகள், கரையோரமே ஆழம். எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் பத்திரமாக நிற்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், ஆங்கிலேயர் 1957 வரை தளத்தை விடாமல் வைத்திருந்ததும் இதனால்தான்.

மாலையில் எல்லோரும் போகுமிடம் ஒல்லாந்தர் குடாக் கடற்கரை. குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். சுடச்சுட இறால் வடை கிடைக்கும். நீங்களும் போய் இருங்கள். ஆனால் 2006 ஜனவரி 2 மாலை, இதே கடற்கரையோரம் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நீதி இன்னும் கிடைக்கவில்லை. அழகை மட்டும் காட்டி இதை மறைத்தால் நாம் ஊரை அறிமுகப்படுத்தியவர்கள் ஆகமாட்டோம்.

இரவும் நகரிலேயே தங்குங்கள். கடலோரத் தெருக்களில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் உண்டு; காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைக்கும். நீங்கள் கொடுக்கும் காசு அந்த வீட்டுக்கே நேராகப் போய்ச் சேரும். ஊரின் கதையை அவர்களிடமே கேட்கவும் செய்யலாம்.

(அடுத்த வாரம்: சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்)